எந்த லேபலை இயந்திரத்திடம் விடுவது?

வன்னியில் தொழிற்சாலை என்றதும் பெரும்பாலானோருக்கு ஆடைத் தொழிற்சாலையே நினைவுக்கு வரும். ஆயினும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்கத் தொடங்கிய பின்னர், இலத்திரனியல் சுற்றுப்பலகையைக் கையால் தொட்டுப் பழகிய இளைஞர்கள் ஆண்டுதோறும் படித்து வெளியேறுகிறார்கள். ஒரு பகுதியினர் கட்டுநாயக்கா, பியகம பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். வேறு சிலர், தோட்டத்துக்கு நீரிறைக்கும் பம்பிக்கான கட்டுப்படுத்தி, சூரிய மின்தொகுதிக்கான மின்னேற்றக் கட்டுப்படுத்தி போன்றவற்றை ஊரிலேயே பொருத்தி விற்கலாமா என்று கணக்குப் பார்க்கிறார்கள். முதலாமவர் தயாரிப்பு வரிசையில் நின்றபடியும், இரண்டாமவர் இயந்திரம் விற்பவரின் விலைப்பட்டியலைப் பார்த்தபடியும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்கள். பலகையிலும் பொருளிலும் பெட்டியிலும் ஒட்டப்படும் லேபல்களுள் எவற்றை இயந்திரம் ஒட்ட வேண்டும், எவற்றைக் கையால் ஒட்டினாலே போதும்?

இக்கேள்விக்கு வழமையாக எண்ணிக்கையை வைத்தே விடை தேடுகிறார்கள். ஒரு லேபலை உரித்து ஒட்ட ஆறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 பலகை செய்யும் கூடத்தில் அது மொத்தம் 40 நிமிட வேலை. அதற்காக ஓர் இயந்திரத்தை வாங்குவது எந்தக் கணக்கிலும் கட்டாது. நாளொன்றுக்கு 6000 பலகை என்றால் அதே வேலை பத்து மணித்தியாலமாகிறது. ஒருவருடைய முழு நாளையும் தாண்டிவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை பெருகினால் இயந்திரம், குறைந்தால் கை என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு லேபலுக்கு உண்மையில் ஆகும் செலவின் மிகச் சிறிய பங்கையே அது அளக்கிறது. ஒட்டும் கூலியைவிடப் பல மடங்கு பெரிய செலவு, லேபல் பிழையாக ஒட்டப்பட்டிருந்தால் பின்னர் வந்து நிற்பது. அதுவும் எல்லா லேபலுக்கும் ஒரே அளவில் வருவதில்லை.

அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வன்னியின் மாட்டுப் பட்டியே போதும். மாட்டின் தொடையில் சுட்ட குறி அது யாருடைய மாடு என்பதைச் சொல்லும். பட்டியில் நிற்கும் ஐம்பதில் எந்த மாடு என்பதைச் சொல்லாது. காதில் மாட்டப்படும் இலக்கத் தகடுதான் அதைச் சொல்லும். ஆடைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டிக்குள் தைக்கும் லேபல் முதலாவது வகையைச் சேர்ந்தது: ஒரே அளவும் ஒரே துணியும் கொண்ட ஆயிரம் சட்டைகளுக்கும் ஒரே லேபல், ஒன்றை மற்றொன்றில் தைத்தாலும் எதுவும் கெடாது. சுற்றுப்பலகையில் ஒட்டப்படும் லேபல் இரண்டாவது வகை. அதிலுள்ள இலக்கம் உலகில் அந்தப் பலகை ஒன்றுக்கு மட்டுமே உரியது. எந்த ரீலில் (உறுப்புகள் சுற்றி வரும் சுருளில்) இருந்து வந்த கொள்ளளவி அதில் இருக்கிறது, உறுப்புகளைப் பலகையோடு உருக்கி இணைக்கும் பற்றாசு அடுப்புக்குள் எந்த நேரத்தில் அது போனது, சோதனையில் என்ன அளவீடு காட்டியது, யார் அதைத் திருத்தினார் என்ற வரலாறு முழுவதும் அந்த இலக்கத்தின் கீழேயே சேமிக்கப்படுகிறது. இரண்டு பலகைகளின் லேபல் மாறிவிட்டால் இரண்டு வரலாறுகள் மாறிவிடுகின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் நேர்த்தியாகவே தெரியும்.

அந்த வரலாறு எப்போது தேவைப்படும் என்பதற்கு 2016 இல் நடந்ததைப் பார்க்கலாம். அவ்வாண்டு செப்டெம்பர் 2 ஆம் திகதி சாம்சுங் நிறுவனம், பற்றரி தீப்பிடித்த காரணத்தால், கலக்ஸி நோட் 7 கைப்பேசிகள் ஏறத்தாழ 25 இலட்சத்தை மீளப்பெறுவதாக அறிவித்தது. தன் கையிலிருப்பது ஆபத்தானதா என்று அறிய விரும்பியவர் அதன் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை இணையத்தில் கொடுத்துப் பார்க்க முடிந்தது. மாற்றாகக் கொடுக்கப்பட்ட கைப்பேசிகளின் பெட்டியில், பார்கோட் லேபலில் ஒரு சிறிய கறுப்புச் சதுரம் அச்சிடப்பட்டது. இந்த ஏற்பாடு முழுவதும் தங்கியிருந்தது, தொழிற்சாலையில் ஒட்டிய லேபலும் கைப்பேசியின் உள்ளே இருந்த இலக்கமும் ஒன்றே என்ற நம்பிக்கையின் மீது. (மாற்றுக் கைப்பேசிகளும் தீப்பிடித்து, அடுத்த மாதமே தயாரிப்பு கைவிடப்பட்டது வேறு விடயம். லேபல் தன் வேலையைச் செய்தது, பற்றரிதான் செய்யவில்லை.)

ஆகவே, லேபல் ஒட்டுதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகள். ஒன்று, இந்தப் பொருள் இன்ன இலக்கத்துக்கு உரியது என்று கட்டிவைப்பது. மற்றது, ஒரு துண்டுப் படலத்தை ஓர் இடத்தில் அழுத்திப் பிடிக்கச் செய்வது. இயந்திரம் வாங்குவோர் பெரும்பாலும் இரண்டாவது வேலைக்கே காசு கொடுக்கிறார்கள். பிழைகள் பெரும்பாலும் முதலாவது வேலையிலேயே பிறக்கின்றன. எந்த இடத்தில் முதலாவது வேலை கடினமோ அங்கே கணினியும், லேபலிலுள்ள குறியைப் படிக்கும் வாசிப்பானும் வேண்டும். எந்த இடத்தில் இரண்டாவது வேலை கடினமோ அங்கே இயந்திரக் கை வேண்டும். இரண்டும் சேர்ந்து கடினமாக இருக்கும் இடங்கள் ஒரு தொழிற்சாலையில் மிகச் சிலவே.

முதலாவது வேலை எப்படிப் பிழையாகிறது என்பதைச் சோதனை மேசை ஒன்றில் நின்று பார்க்கலாம். அன்றைய 200 இலக்கங்களும் காலையிலேயே ஒரே தடவையில் அச்சிடப்பட்டு, ரோலாக மேசைக்கு வந்திருக்கின்றன. சோதனையில் தேறிய பலகைக்கு அடுத்த லேபலை உரித்து ஒட்ட வேண்டும் என்பதே ஒழுங்கு. 37 ஆவது பலகை தேறவில்லை. ஓரத்திலுள்ள சிவப்புத் தட்டில் வைக்கப்படுகிறது. கணினி 37 ஆம் இலக்கத்துக்கு எதிரே தோல்வி என்று பதிந்துவிட்டு 38க்குப் போய்விட்டது. ரோலின் நுனியிலோ 37 நிற்கிறது. ஒட்டுபவர் அதை உரித்து, அடுத்துத் தேறிய பலகையில் ஒட்டுகிறார். அந்தக் கணத்திலிருந்து அன்று முழுவதும் ஒவ்வொரு பலகையும் தன் முன்னவரின் இலக்கத்தைச் சுமந்தபடி பெட்டிக்குள் போகிறது. மாலையில் ஒரு லேபல் மிஞ்சும். மேற்பார்வையாளர் அதைக் கண்டு வரிசையை மறித்தால் 163 பலகைகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கோ ஒன்று வீணாகியிருக்கும் என்று குப்பைக்கூடையில் போட்டால், அந்தப் பிழை வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். இவ்விடத்தில் விலையுயர்ந்த ஒட்டும் இயந்திரம் ஒன்று நின்றிருந்தால் இதே பிழையை அரை மில்லிமீற்றரும் பிசகாமல் செய்து முடித்திருக்கும்.

இதற்கான மாற்று, பெரிய செலவில்லாத ஒன்று. லேபலை முன்கூட்டியே அச்சிட்டு வைக்காமல், பலகை சோதனையில் தேறிய பின்னரே அதற்குரிய ஒரேயொரு லேபல் அச்சாகி வெளியே வரவேண்டும். ஒட்டியவுடன் கையடக்க வாசிப்பானால் அதை வாசிக்க வேண்டும். வாசித்த இலக்கம் கணினி எதிர்பார்த்த இலக்கமாக இல்லாவிட்டால் அடுத்த சோதனை தொடங்கவே கூடாது. வலையமைப்பில் இணையும் கருவியாக இருந்தால், வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும், 48 இருமத் தானங்கள் கொண்ட மாக் முகவரியைக் கருவியின் நினைவகத்திலிருந்தே வாசித்து அச்சிட வேண்டும். பன்னிரண்டு பதினறும இலக்கங்களைப் பார்த்துத் தட்டச்சுச் செய்யும் வேலையை எந்த மனிதரிடமும் ஒப்படைக்கக் கூடாது. இங்கே ஒட்டுவது கைதான்; ஆனால் பிழைவிட இடமில்லை. ஒட்டும் இயந்திரம் இல்லாமலே தானியக்கத்தின் பெரும்பயன் கிடைத்துவிடுகிறது.

இயந்திரக் கை உண்மையில் தேவைப்படுவது பலகையின் முதலாவது லேபலில். வெற்றுப் பலகை வரிசைக்குள் நுழையும் இடத்திலேயே இலக்கம் கொடுக்கப்பட்டால்தான், பற்றாசுப் பசை பூசுவது தொடக்கம் இறுதிப் பொதி வரையிலான ஒவ்வொரு படியும் அந்தப் பலகையின் பெயரில் பதியப்படும். ஆனால் அங்கே ஒட்டிய லேபல் பின்னால் வரும் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இலத்திரனியல் பொருள்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி 2006 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்ததோடு, 183 பாகை செல்சியசில் உருகும் ஈயப் பற்றாசின் இடத்தை 217 பாகையளவில் உருகத் தொடங்கும் ஈயமில்லாப் பற்றாசு பிடித்துக்கொண்டது. அதனால் அடுப்பின் உச்ச வெப்பநிலை 235 முதல் 260 பாகை வரை போகிறது. சாதாரணக் கடதாசி லேபல் அங்கே கருகிச் சுருண்டுவிடும். ஆகவே வெப்பம் தாங்கும் பொலிஇமைட்டு என்னும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி, பிசின் வகை ரிப்பனால் வெப்பமாற்று முறையில் அச்சிட்ட லேபலையே பயன்படுத்துகிறார்கள். அடுப்புக்குப் பின் பலகையைக் கழுவும் தொழிற்சாலையாக இருந்தால் கழுவு திரவத்தையும் அது தாங்க வேண்டும்.

அளவையும் பார்க்க வேண்டும். இன்றைய பலகைகளில் லேபலுக்குக் கிடைக்கும் இடம் பல வேளைகளில் ஐந்து மில்லிமீற்றர்ச் சதுரம்தான். அதற்குள் கோட்டுப் பார்கோட் அடங்காது என்பதால் டேட்டா மேட்ரிக்ஸ் என்னும் சதுரக் குறியையே அச்சிடுகிறார்கள். 14க்கு 14 கட்டங்கள் கொண்ட குறியில் 16 இலக்கங்களை எழுதலாம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அச்சுப்பொறியில் ஒரு புள்ளி 0.042 மில்லிமீற்றர், ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி ஒதுக்கினால் கட்டம் 0.254 மில்லிமீற்றர் ஆகும். குறியைச் சுற்றி ஒரு கட்ட அகலத்துக்கு வெறுமையாக விடவேண்டும் என்பதையும் சேர்த்தால் மொத்தம் 4.06 மில்லிமீற்றர். மிஞ்சுவது நான்கு பக்கமும் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அச்சுப்பொறியில் ரோல் அந்த அளவுக்கு நழுவினால் வெறுமை விளிம்பு போய்விடும், வாசிப்பான் தடுமாறும். இதே குறியை 300 டிபிஐ அச்சுப்பொறியில் எடுத்தால் ஒரு கட்டத்துக்கு மூன்று புள்ளிதான் கிடைக்கும். மை ஒரு புள்ளி பரந்தாலும் கட்டம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒட்டும் இயந்திரமன்று, அச்சுப்பொறி என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். அச்சின் தரத்தை 4 முதல் 0 வரை தரப்படுத்த ஐஎஸ்ஓ/ஐஈசி 15415 என்ற நியமம் இருக்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பது அதில் ஒரு தரமாகக் கணிக்கப்படுவதில்லை.

இத்துணை சிறிய துண்டை இடுக்கியால் எடுத்து ஒட்ட முடியாதா என்றால், முடியும். நூறு பலகை வரைக்கும் பொறுமையுள்ள ஒருவர் மிக நன்றாகவே ஒட்டுவார். பிறகு கை சோரும். லேபல் ஒரு பக்கம் சரிந்து சோதனைப் புள்ளியையோ, இயந்திரக் கமரா தேடும் அடையாள வட்டத்தையோ மூடிவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று லேபலின் தடிப்பு. துளைகளின் வழியே பற்றாசுப் பசை பூசும் ஸ்டென்சில் தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 0.1 முதல் 0.15 மில்லிமீற்றர், ஒட்டுப்பசையோடு சேர்ந்த லேபலின் தடிப்பும் ஏறத்தாழ அதை நெருங்கிவிடும். பலகையில் லேபல் ஏற்கெனவே இருந்தால் ஸ்டென்சில் அவ்விடத்தில் பலகையோடு படியாமல் தூக்கி நிற்கும். அதன் அருகிலுள்ள உறுப்புகளின் நுண்ணிய கால்களுக்குப் பற்றாசுப் பசை மிகுதியாக இறங்கி, அடுப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தயாரிப்புப் பொறியியலாளர் பசை ஏன் கூடுகிறது என்று பசையையே சந்தேகித்துக்கொண்டிருப்பார். குற்றவாளி பக்கத்திலேயே அமைதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் லேபலாக இருக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வரிசையின் தலையிலேயே லேபல் இயந்திரத்தை வைத்து, நுண்கால் உறுப்புகளுக்கு அப்பால் லேபலுக்கு இடம் ஒதுக்குவது, அல்லது ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தை அந்த இடத்தில் மட்டும் குடைந்துவைப்பது. இரண்டாவது, பசை பூசிய பின்னர், உறுப்புகளைப் பதிக்கும் இயந்திரத்தைக் கொண்டே லேபலையும் வைக்கச் செய்வது. லேபலை அடித்தாளிலிருந்து உரித்துக் கொடுக்கும் பீடர் ஒன்றைப் பூட்டினால், உறிஞ்சுமுனை அதையும் ஒரு தடையியைப் போலவே எடுத்து, கமராவில் காட்டி, சொன்ன இடத்தில் வைத்துவிடும். புதிதாக இயந்திரம் வாங்காமல் இடத்துல்லியம் கிடைக்கிறது. ஆனால் பசை பூசும் படிநிலை அந்தப் பலகையின் வரலாற்றில் நேரடியாகப் பதியாது. பற்றாசுக் குறைபாடுகளில் பல அந்தப் படியிலேயே தொடங்குகின்றன என்பதால் இது சிறிய இழப்பன்று. அத்துடன், உறிஞ்சுமுனை ஒரு லேபலைத் தவறவிட்டால் அடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். இலக்கங்கள் வரிசையாகத்தான் ஒட்டப்பட்டிருக்கும் என்று நம்பி, வாசிக்காமல் விட்டால் மேலே சொன்ன 37 ஆம் பலகையின் கதை இயந்திர வேகத்தில் நடக்கும். மூன்றாவது வழி லேபலையே விட்டுவிட்டு, பலகையில் முன்னரே அச்சிட்டிருக்கும் வெள்ளைக் கட்டத்தில் லேசரால் இலக்கத்தைப் பொறிப்பது. தடிப்பு இல்லை, ஒட்டுப்பசை இல்லை, ரோல் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. ஆனால் இயந்திரத்தின் விலை அதிகம், புகையை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், ஒருமுறை பொறித்ததை மாற்றவும் முடியாது. எண்ணிக்கை உண்மையிலேயே பெரிதாக இருக்கும் இடத்தில் நீண்ட காலத்தில் லாபமானது இதுவே.

ஒரே பெரிய தட்டில் எட்டுப் பலகைகள் வெட்டப்படாமல் சேர்ந்து வரும் தயாரிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. தட்டுக்கு ஒரு லேபல் போதும் என்று விட்டால், வெட்டிப் பிரித்த கணத்திலேயே எட்டும் அடையாளமற்றுப் போகும். எட்டுக்கும் தனித்தனி லேபல் ஒட்டினால், இயந்திரம் இல்லாமல் வரிசையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். மாதிரிக்கு ஒருசில தட்டுகளே செய்யும் கூடத்துக்கு இது பிரச்சினையன்று. கைப்பேசிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை இயந்திரத்தை வாங்குவதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும்.

கைக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பசைப்படலத்தை அடித்தாளிலிருந்து உரிக்கும்போது நிலைமின் உருவாகும். மனிதத் தோல் உணர்வதற்கு ஏறத்தாழ 3000 வோல்ற்று தேவை. நிலைமின் கட்டுப்பாட்டுக்கான ஏஎன்எஸ்ஐ/ஈஎஸ்டி எஸ்20.20 நியமம் 100 வோல்ற்றில் பழுதடையக்கூடிய உறுப்புகளைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஆகவே உரிப்பவர் எதையும் உணராமலே ஒரு சில்லு (சிப்) பாதி செத்துப்போகலாம். உறுப்புகள் பதித்த பின் ஒட்டப்படும் எந்த லேபலுக்கும், குறைந்த மின்னேற்றம் தரும் வகையைத் தெரிவதும், உரிக்கும் இடத்தில் நிலைமின்னை நீக்கும் அயனாக்கி ஒன்றை வைப்பதும் அவசியம். வேகமாக உரிக்கும் இயந்திரம் இந்த ஆபத்தைக் கூட்டக்கூடும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்விகளுள் இதுவும் ஒன்று.

பொருளின் வெளியுறையில் ஒட்டும் மின்னளவுத் தகடு வேறு இயல்புடையது. அதில் வோல்ற்று, உற்பத்தியாளர், தயாரித்த நாடு, உரிய சின்னங்கள் ஆகியன இருக்கும். இலத்திரனியல் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஈசி 62368-1 நியமப்படி நீரில் நனைத்த துணியால் 15 விநாடியும், பெற்றோலிய ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் 15 விநாடியும் தேய்த்த பின்னும் எழுத்து அழியாமல் இருக்க வேண்டும். இங்கே தீர்மானிப்பது லேபலின் பொருளும் அச்சும். ஒட்டும் முறை இரண்டாம்பட்சம். ஒரே பொருள் ஐந்து நாடுகளுக்குப் போனால் தகடு கடைசி நேரத்திலேயே தீர்மானமாகும் என்பதால், பெரும்பாலான இடங்களில் கையே வசதியானது. வயர்களைச் சுற்றி ஒட்டும் கொடி லேபல்களும் அப்படியே. பெட்டியிலும், பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டிலும் ஒட்டும் பெரிய லேபல்களை அச்சிட்டு ஒட்டும் இயந்திரங்கள் மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கின்றன. எண்ணிக்கை இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விடலாம். முதலில் பார்த்த 40 நிமிடக் கணக்கு முழுமையாகப் பொருந்துவது இங்கேதான்.

உறுப்புகள் வந்திறங்கும்போது களஞ்சிய வாசலில் அவற்றின் ரீல்களில் ஒட்டப்படும் லேபல் எவருடைய கவனத்தையும் பெறுவதில்லை. வன்னியில் தொழில் தொடங்க நினைப்பவர் அதையே முதலில் பார்க்க வேண்டும். ஈரப்பதனுக்கு நொந்துபோகும் சில்லுகள் காற்றுப்புகாப் பைகளில் வருகின்றன. பையைத் திறந்த பிறகு எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்பது ஈரப்பதனுக்கு அச்சில்லு எவ்வளவு நொந்துபோகும் என்பதைக் காட்டும் மட்டத்தைப் பொறுத்தது: மட்டம் 3 என்றால் 168 மணித்தியாலம், மட்டம் 4 என்றால் 72 மணித்தியாலம். இந்தக் கணக்கு, 30 பாகை செல்சியசுக்கும் 60 சதவீதச் சாரீரப்பதனுக்கும் மேற்படாத அறைக்கு மட்டுமே செல்லுபடியாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழும், மாரி மழையில் திறந்த யன்னலோடும் இயங்கும் ஒரு கூடத்தில் 168 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. அந்த நேரத்துக்குள் உறுப்பு அடுப்புக்குப் போகாவிட்டால், உள்ளே ஏறிய ஈரம் பின்னர் அடுப்பில் ஆவியாகி, சில்லை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யக்கூடும்.

திறந்த நேரத்தைப் பேனையால் எழுதி ரீலில் ஒட்டுவது பழைய வழக்கம். எழுத மறந்த ரீலையும், எழுதிய பின் வேறு பையில் போட்ட ரீலையும் எந்த எழுத்தும் காப்பாற்றாது. ஒவ்வொரு ரீலுக்கும் வந்திறங்கிய அன்றே தனி இலக்கம் அச்சிட்டு ஒட்டி, பையைத் திறக்கும்போது ஒருமுறை, உலர்பெட்டிக்குள் திரும்ப வைக்கும்போது ஒருமுறை வாசித்தால் மீதி நேரத்தைக் கணினியே எண்ணிக்கொள்ளும். நாளொன்றுக்கு இருபது ரீல் வரும் இடத்தில் அதை ஒட்டுவதற்கு இயந்திரம் தேவை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தானியக்கம் இல்லாமல் அந்த லேபலை ஒட்டுவதில் பயனுமில்லை.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். பல லேபல் அச்சுப்பொறிகள் தொடர் இலக்கத்தைத் தம் நினைவிலேயே எண்ணிக்கொண்டு போகக்கூடியவை. மின் தடைப்பட்டுத் திரும்பி வரும்போது, சில அமைப்புகளில் அந்த எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடராமல் தொடக்கத்துக்கே போய்விடும். ஒரே இலக்கம் இரண்டு பலகைகளில் ஏறிவிடும். இலக்கம் கொடுக்கும் அதிகாரம் தரவுத்தளத்திடம் மட்டுமே இருக்க வேண்டும். கொடுத்த இலக்கத்தை அது மறுபடி கொடுக்கவே கூடாது. அச்சாகிக் கெட்டுப்போன லேபலின் இலக்கமும் செத்ததாகவே பதியப்பட வேண்டும். கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் ஒரு யூபிஎஸ் இருந்தால் பாதிப் பிரச்சினை முளையிலேயே தீரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியின் புழுதி திறந்த ரோலின் விளிம்பில் கசிந்த பசையில் படிந்து, உறிஞ்சுமுனையையும் உரிக்கும் விளிம்பையும் அடைக்கும். ரோல்களை மூடி, குளிரூட்டிய அறையில் வைப்பதற்கு இயந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலக்கில்லை. இயந்திரம் நின்றுவிட்டால் அதைத் திருத்தக்கூடியவர் ஏ9 வீதியால் கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கும் என்பதையும், அதுவரை அதே லேபலைக் கையால் ஒட்டத் தெரிந்தவர் வரிசையில் இருக்க வேண்டும் என்பதையும் வாங்கும் முன்னரே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பலகையின் வரலாற்றை எவ்வளவு தூரம் பின்னோக்கித் தடமறிய வேண்டும் என்பதை இறுதியில் நிர்ணயிப்பது வாடிக்கையாளர்தான். 2016 இல் வெளியான ஐபிசி-1782 நியமம் தடமறிதலை நான்கு மட்டங்களாகப் பிரிக்கிறது. கீழ்மட்டத்தில் ஒரு தொகுதியின் அளவில் தெரிந்தால் போதும், மேல்மட்டத்தில் ஒவ்வொரு பலகையிலும் உள்ள ஒவ்வொரு உறுப்பின் மூலமும் தெரிய வேண்டும். மருத்துவக் கருவிகளுக்குத் தனித்துவ அடையாளத்தை அமெரிக்கா 2013 இல் கட்டாயமாக்கத் தொடங்கியது. அச்சந்தைக்குப் போகும் பொருளுக்கு வேறு தெரிவில்லை. பரந்தன் விவசாயிக்கு விற்கும் பம்பிக் கட்டுப்படுத்திக்கு மேல்மட்டம் வீண் செலவு. ஆனால் பழுதாகித் திரும்பி வரும் கட்டுப்படுத்தி எந்த மாதத்துத் தொகுதி, எந்த ரிலே போட்டது என்று தெரியாவிட்டால், உத்தரவாதக் காலம் முழுவதும் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

அத்தகைய சிறு கூடத்துக்கு இன்று நான்காவது வழி ஒன்றும் திறந்திருக்கிறது. வெற்றுப் பலகைகளை எப்படியும் வெளிநாட்டில்தான் அடிப்பிக்கிறோம். அவற்றை அடித்துத் தரும் சில நிறுவனங்கள், கேட்டால் ஒவ்வொரு பலகையிலும் தனித்தனி இலக்கத்தையும் சதுரக் குறியையும் வெள்ளை மையால் அச்சிட்டே அனுப்புகின்றன. அப்படி வரும் பலகைக்கு முதலாவது லேபலே தேவையில்லை: பொலிஇமைட்டு ரோல் வேண்டாம், ஸ்டென்சில் தூக்காது, உரிக்கும் நிலைமின்னும் இல்லை. குறி அச்சிடும் இடத்தைப் பலகையை வரையும்போதே ஒதுக்க வேண்டும். கட்டத்தின் அளவைத் தம் வாசிப்பானுக்கு ஏற்றபடி முன்னரே சோதித்துப் பார்க்க வேண்டும். பொதி வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு பலகையையும் ஒருமுறை வாசித்துத் தரவுத்தளத்தில் ஏற்றி, இரட்டித்த இலக்கத்தையும் வாசிக்க முடியாத குறியையும் அன்றே ஒதுக்கிவிட்டால், மறுநாள் காலையில் பசை பூசத் தொடங்கலாம்.